வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால்: மின்தடையையும் மின்திறனையும் கணக்கிடும் முறை

ஒரு மின்பொருளின் மின்தடை எவ்வளவு, அது வாங்கும் மின்திறன் எவ்வளவு என்று அறிய இரண்டே அளவுகள் போதும். அதன் இரு முனைகளுக்கு இடையே நிலவும் மின்னழுத்தம் ஒன்று. அதன் வழியே பாயும் மின்னோட்டம் மற்றொன்று. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை ஓமில் கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் மின்திறன் வாட்டில் கிடைக்கும். பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை கற்ற கணிதமே இதற்குப் போதுமானது. ஆயினும் புதிதாகப் பழகுவோரின் விடைகள் பல நேரங்களில் பிழையாகின்றன. பிழை வகுத்தலிலோ பெருக்கலிலோ நேர்வதில்லை. ஒரு பொருளின் மின்னழுத்தத்தை வேறொரு பொருளின் மின்னோட்டத்தோடு சேர்த்துவிடுவதாலும், ஒரு நேரத்தில் எடுத்த அளவை இன்னொரு நேரத்து அளவோடு கலந்துவிடுவதாலுமே நேர்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதிலும் நான் திரும்பத் திரும்பக் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: இந்த வோல்ட்டும் இந்த ஆம்பியரும் அதே பொருளுக்கு, அதே நேரத்தில் எடுத்தவைதாமா?

வாய்பாட்டை முக்கோணமாக வரைந்து, வேண்டியதை விரலால் மறைத்து விடை காணும் பழக்கம் வகுப்பறைகளில் உண்டு. தேர்வுக்கு அது உதவலாம். ஆனால் அலகுகளின் பொருளை அறிந்துகொண்டால் முக்கோணமே தேவைப்படாது. ஓர் ஆம்பியர் என்பது நொடிக்கு ஒரு கூலூம் மின்னூட்டம் கடந்து செல்வதைக் குறிக்கும். ஒரு வோல்ட் என்பது அந்த ஒவ்வொரு கூலூமும் ஒரு ஜூல் ஆற்றலைக் கொண்டுவந்து இறக்குவதைக் குறிக்கும். நொடிக்கு இத்தனை கூலூம், கூலூமுக்கு இத்தனை ஜூல் என்று இரண்டையும் பெருக்கினால், நொடிக்கு இத்தனை ஜூல் என்று வருகிறது. அதற்குத்தான் வாட் என்று பெயர். மின்தடை என்பதோ, ஓர் ஆம்பியரைச் செலுத்த எத்தனை வோல்ட் தேவைப்படுகிறது என்பதற்கான அளவு. அதனால்தான் அங்கே வகுக்கிறோம்.

கடைகளிலும் பணியிடங்களிலும் ஆம்பியரை ‘ஆம்ஸ்’ என்று சொல்வதைக் கேட்பீர்கள், இரண்டும் ஒன்றே. சிறிய மின்னோட்டங்கள் மில்லிஆம்பியரில் தரப்படும்; ஆயிரம் மில்லிஆம்பியர் சேர்ந்தால் ஓர் ஆம்பியர். கணக்கில் நுழையும் முன் அதை ஆயிரத்தால் வகுத்துவிட வேண்டும். வகுக்க மறந்தால் விடை ஆயிரம் மடங்கு பிழைபடும். வோல்ட்டை மில்லிஆம்பியரால் நேராக வகுத்தால் விடை கிலோஓமில் வரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும்.

முதல் பயிற்சி: 12 வோல்ட் பல்பு

முதல் அளவீட்டை வீட்டு மின்சாரத்தில் செய்ய வேண்டாம். 12 வோல்ட் பேட்டரி ஒன்று (சிறிய யு.பி.எஸ். கருவிக்குள் இருக்கும் 7 ஆம்பியர் மணி பேட்டரி போதும்), இருசக்கர வாகனத்தின் 12 வோல்ட், 10 வாட் இண்டிகேட்டர் பல்பு, 3 ஆம்பியர் ஃப்யூஸ், 0.1 ஓம் மதிப்புள்ள 5 வாட் வெள்ளைச் செராமிக் ரெசிஸ்டர், ஒரு மல்டிமீட்டர் (வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் கருவி) ஆகியவற்றை மேசையில் எடுத்து வையுங்கள். மின்னழுத்தம் குறைவு என்பதால் பேட்டரியை அலட்சியமாகக் கையாளக்கூடாது. முனைகள் நேராகத் தொட்டுக்கொண்டால் வயர் உருகும் அளவுக்கு அது மின்னோட்டத்தைக் கொடுக்கும். ஃப்யூஸைக் கேட்டிருப்பது அதற்காகத்தான்.

பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஃப்யூஸ், அதிலிருந்து ரெசிஸ்டர், அதிலிருந்து பல்பு, பல்பிலிருந்து எதிர்முனை என்று ஒன்றன்பின் ஒன்றாக இணையுங்கள். மின்னோட்டத்துக்குக் கிளை வழி எதுவும் இல்லாததால், எல்லாப் பொருள்களிலும் ஒரே மின்னோட்டமே பாயும். ரெசிஸ்டரை இங்கே வைத்தது மின்னோட்டத்தை அளக்க. மல்டிமீட்டரின் ஆம்பியர் துளையைப் புதியவர்கள் பயன்படுத்த வேண்டாம் என்றே நான் சொல்வேன். ஆம்பியர் நிலையில் இருக்கும் மீட்டரை மறதியாகப் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தால் அது குறுக்குச்சுற்று ஆகிவிடும். விலை குறைந்த மீட்டர்கள் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்கு ஃப்யூஸ் பாதுகாப்பும் கிடையாது. மதிப்பு தெரிந்த சிறு ரெசிஸ்டரின் மேல் வோல்ட்டை அளந்து, அதை ஓமால் வகுத்து மின்னோட்டத்தைப் பெறும் வழியில் அந்த ஆபத்து இல்லை. மீட்டர் எப்போதும் வோல்ட் நிலையிலேயே இருக்கும்.

பல்பு எரியத் தொடங்கிச் சில நொடிகள் கழிந்த பிறகு, மீட்டரை டி.சி. 20 வோல்ட் வரம்பில் வைத்து, பல்பின் இரு முனைகளிலும் முள்களை (மீட்டரின் இரு வயர்களின் நுனியிலுள்ள உலோகக் கூர்முனைகளை) வையுங்கள். பேட்டரியின் முனைகளில் வைக்கக்கூடாது. 12.2 வோல்ட் காட்டுவதாகக் கொள்வோம். அடுத்து, எதையும் அணைக்காமல், வரம்பை 200 மில்லிவோல்ட்டுக்கு மாற்றி ரெசிஸ்டரின் முனைகளில் வையுங்கள். 82 மில்லிவோல்ட், அதாவது 0.082 வோல்ட் காட்டினால், அதை 0.1 ஓமால் வகுக்க 0.82 ஆம்பியர் கிடைக்கும். இப்போது பல்பின் கணக்கு எளிது: 12.2 ÷ 0.82 = 14.9 ஓம் மின்தடை, 12.2 × 0.82 = 10.0 வாட் மின்திறன். கால்குலேட்டர் 14.878048 என்று நீட்டிக்காட்டும். மீட்டரும் ரெசிஸ்டரும் அவ்வளவு துல்லியமானவை அல்ல என்பதால் மூன்று இலக்கங்களோடு நிறுத்திக்கொள்வதே நேர்மையான விடை.

பேட்டரியின் முனைகளில் அளந்திருந்தால் 12.5 வோல்ட் வந்திருக்கக்கூடும். அதை 0.82 ஆல் வகுத்தால் 15.2 ஓம் கிடைக்கும். அது பொய்யான எண் அன்று. ஆனால் அது பல்பு, ரெசிஸ்டர், ஃப்யூஸ், வயர் அனைத்தும் சேர்ந்த சுற்றின் மின்தடை. பல்பின் மின்தடையைக் கேட்டால் பல்பின் வோல்ட்டையே கொடுக்க வேண்டும்.

இப்போது பேட்டரியைக் கழற்றி, பல்பைத் தனியே எடுத்து, ஆறவிட்டு, மீட்டரை ஓம் நிலைக்கு, அதாவது குதிரை லாடம் போன்ற குறி இருக்கும் இடத்துக்குத் திருப்பி அளந்து பாருங்கள். முதலில் இரு முள்களையும் ஒன்றோடொன்று தொடவைத்து, முள் வயர்களின் மின்தடையைக் குறித்துக்கொண்டு, பிறகு அதைக் கழித்துவிட வேண்டும். மீதி ஒன்றரை ஓம் அளவிலேயே நிற்கும். சற்று முன் பெற்ற 14.9 ஓமில் அது பத்தில் ஒரு பங்கு. மீட்டர் கெட்டுவிட்டது என்று பலரும் நினைக்கும் இடம் இது. உண்மையில் இரண்டு அளவுகளும் சரியானவை. எரியும்போது டங்ஸ்டன் இழையின் வெப்பநிலை ஏறக்குறைய 2,500 டிகிரி செல்சியஸ் வரை உயர்கிறது. வெப்பம் ஏற ஏற உலோகத்தின் மின்தடையும் ஏறுகிறது. சுவிட்சைப் போட்ட முதல் கணத்தில் இழை குளிர்ந்தே இருப்பதால், 12.2 ÷ 1.5 என்ற கணக்குப்படி 8 ஆம்பியருக்கு மேல் சில மில்லிநொடிகள் பாய்ந்து, பின்னரே 0.82 ஆம்பியருக்கு அடங்குகிறது. பழைய குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும் தருணத்திலேயே ஃப்யூஸ் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜெர்மானிய அறிவியலாளர் கேயார்க் சைமன் ஓம் இந்த உறவைத் தேடிய காலத்தில் அவருக்கும் ‘அதே நேரம்’ என்பதே பெரிய இடையூறாக இருந்தது. அவர் முதலில் பயன்படுத்திய வோல்ட்டா மின்கல அடுக்கின் மின்னழுத்தம் அளந்துகொண்டிருக்கும்போதே இறங்கிக்கொண்டிருந்தது. பின்னர், பிஸ்மத்தும் செம்பும் இணைந்த வெப்பமின்னிரட்டையின் (இரு முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் உலோக இணையின்) ஒரு முனையைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத மின்னழுத்தத்தைப் பெற்ற பிறகே அவருடைய எண்கள் ஒழுங்குக்கு வந்தன. அந்த ஆய்வின் முழு வடிவத்தை அவர் 1827-இல் நூலாக வெளியிட்டார். மேசையில் நீங்கள் செய்யும் பயிற்சியிலும் பேட்டரி போதிய சார்ஜ் இல்லாமல் இருந்தால், வோல்ட்டை அளந்து ஆம்பியருக்குப் போவதற்குள் எண் நழுவிவிடும். அதனால் வோல்ட், மின்னோட்டம், மீண்டும் வோல்ட் என்று மூன்று முறை அளந்து, முதல் எண்ணும் மூன்றாம் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்ல வழக்கம்.

எல்.இ.டி.க்கு ரெசிஸ்டர் தேர்ந்தெடுத்தல்

12 வோல்ட் பேட்டரியில் ஒரு சிவப்பு எல்.இ.டி.யை 15 மில்லிஆம்பியரில் எரிக்க வேண்டும்; தொடராக எத்தனை ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும்? 12 ஐ 0.015 ஆல் வகுத்து 800 ஓம் என்று விடை சொல்வது வழக்கமான பிழை. சிவப்பு எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தன் மேல் வைத்துக்கொள்கிறது. ரெசிஸ்டரின் பங்குக்கு வருவது மீதி 10 வோல்ட்தான். 10 ÷ 0.015 = 667 ஓம். கடையில் அந்த மதிப்பு கிடைக்காது. அதற்கு அடுத்து மேலே உள்ள 680 ஓம் கிடைக்கும். அதைப் போட்டால் மின்னோட்டம் 10 ÷ 680 = 0.0147 ஆம்பியர், ரெசிஸ்டரில் வெப்பமாகும் மின்திறன் 10 × 0.0147 = 0.147 வாட். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும். ஆனால் அது தொடும்போது வெதுவெதுப்பாக இருக்கும் என்பதால், நாள் முழுவதும் எரியும் விளக்கானால் அரை வாட் ரெசிஸ்டரைப் போடுவதே என் பரிந்துரை. ஓம் மதிப்பை மட்டும் சொல்லி ரெசிஸ்டர் வாங்கி வந்து, வாட் மதிப்பைக் கேட்க மறந்து, கருகிய பின்னர் காரணம் தேடுவோர் பலர்.

வீட்டு ஹீட்டரைத் தொடாமல் அளத்தல்

இனி 230 வோல்ட் வீட்டு மின்சாரத்துக்கு வருவோம். இங்கே வயரைத் திறந்தோ பிளக்குக்குள் மீட்டர் முள்களை விட்டோ அளக்கும் வேலையைப் புதியவர்கள் செய்யவே கூடாது. தகுதியுள்ள மின்பணியாளர் உடனிருந்து கிளாம்ப் மீட்டரால் (வயரை வெட்டாமல், அதைச் சுற்றி வளையமிட்டு மின்னோட்டத்தை அளக்கும் கருவியால்) அளக்கும்போதும், இரு வயர்களில் ஒன்றை மட்டுமே அதன் வளையத்துக்குள் விட வேண்டும். இரண்டையும் சேர்த்து விட்டால் போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று ஈடுசெய்து சுழியம் காட்டும். இவை எதுவும் இல்லாமலேயே மின்திறனை அறிய நல்ல வழி ஒன்று நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அது மின்வாரிய மீட்டர்.

டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் சிறு சிவப்பு விளக்கு ஒன்று கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். அதன் அருகே 3200 அல்லது 1600 போன்ற ஓர் எண், ‘ஒரு கிலோவாட் மணிக்கு இத்தனை துடிப்புகள்’ என்ற பொருளில் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு கிலோவாட் மணி, அதாவது நாம் ‘ஒரு யூனிட்’ என்று சொல்வது, 36,00,000 ஜூல் ஆற்றல். அதை 3200 ஆல் வகுத்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் 1,125 ஜூல் என்று வருகிறது. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வாளி நீரில் வைத்த 1,500 வாட் ஹீட்டரை மட்டும் போடுங்கள். (அது இயங்கும்போது நீரிலோ வாளியிலோ கை வைக்கக்கூடாது.) ஒரு துடிப்பைச் சுழியம் என்று எண்ணித் தொடங்கி, இருபதாவது துடிப்பு வரை கைப்பேசியின் நிறுத்துக்கடிகாரத்தில் நேரம் பாருங்கள். முதல் துடிப்பையே ஒன்று என்று எண்ணினால் கணக்கில் ஒரு துடிப்பு கூடிவிடும். 16.2 நொடி ஆனதாகக் கொண்டால், 20 × 1,125 ÷ 16.2 = 1,389 வாட்.

ஹீட்டரில் 1,500 வாட் என்று எழுதியிருக்கிறதே, ஏன் குறைகிறது? அந்த 1,500 வாட் 230 வோல்ட்டுக்கு உரியது. மின்திறனும் மின்னழுத்தமும் தெரியும்போது, மின்னழுத்தத்தைத் தன்னால் பெருக்கி மின்திறனால் வகுத்தால் மின்தடை கிடைக்கும்: 230 × 230 ÷ 1,500 = 35.3 ஓம். ஹீட்டரின் நிக்ரோம் கம்பி, பல்பின் டங்ஸ்டனைப் போல் அன்றி, சூட்டில் மின்தடை மிகக் குறைவாகவே மாறும் கலப்புலோகம்; ஆகையால் இந்த 35.3 ஓமை நம்பலாம். பிளக்கில் செருகும் டிஜிட்டல் வோல்ட்மீட்டர் ஒன்று, ஹீட்டர் ஓடும்போது 220 வோல்ட் காட்டுகிறது என்றால், மின்னோட்டம் 1,389 ÷ 220 = 6.31 ஆம்பியர், மின்தடை 220 ÷ 6.31 = 34.9 ஓம். எழுதியிருப்பதோடு நன்றாகவே பொருந்துகிறது. மீட்டருக்கும் ஹீட்டருக்கும் இடையிலுள்ள வீட்டு வயரில் வீணாகும் சில வாட்டுகளையும் மீட்டர் எண்ணிவிடுவதால்தான் மீதமுள்ள சிறு வேறுபாடு. ‘அதே பொருள்’ என்ற விதி இவ்விடத்தில் சற்றே தளர்ந்திருக்கிறது.

ஹீட்டரைப் போடும் முன் பார்த்த மின்னழுத்தத்தை எடுத்துக்கொண்டிருந்தால்? அப்போது 227 வோல்ட் இருந்திருக்கலாம். 227 × 227 ÷ 1,389 = 37.1 ஓம் என்று வந்து, நல்ல நிலையிலுள்ள ஹீட்டரைப் பழுதானது என்று எண்ணியிருப்போம். ‘அதே நேரம்’ என்பது இங்கே எவ்வளவு முக்கியம் என்பதைப் பாருங்கள்.

மின்னழுத்தம் குறைந்தால் வாட் மாறாமல் இருக்க ஆம்பியர் ஏறும் என்று ஹீட்டரைப் பற்றிச் சிலர் கருதுகிறார்கள். மாறாமல் இருப்பது மின்தடை. மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் குறையும், இரண்டின் பெருக்கலான மின்திறன் இரட்டிப்பாகச் சரியும். 230 வோல்ட் 210 ஆனால் குறைவது நூற்றுக்கு ஒன்பது பங்குதான். மின்திறனோ 1,500 இலிருந்து 1,250 வாட்டாக, ஆறில் ஒரு பங்கு குறைகிறது. 15 லிட்டர் நீரை 27 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற, வெளியே இழக்கும் வெப்பத்தை விட்டுவிட்டால், முதல் நிலையில் பன்னிரண்டரை நிமிடமும் இரண்டாம் நிலையில் 15 நிமிடமும் ஆகும். மடிக்கணினியின் சார்ஜர் போன்ற மின்னணுக் கருவிகளில்தான் மேற்சொன்ன கருத்து பொருந்தும். தமக்கு வேண்டிய வாட்டைப் பெற அவை கூடுதல் ஆம்பியரை இழுத்துக்கொள்ளும்.

வழியில் தொலைந்த வோல்ட்

மேலே 227 வோல்ட் 220 ஆனது. அந்த 7 வோல்ட் எங்கே போயிற்று? கம்பத்திலிருந்து பிளக் வரையிலான வயர்களிலும் இணைப்புகளிலும் தங்கிவிட்டது. அதற்கும் அதே கணக்குதான்: 7 ÷ 6.31 = 1.1 ஓம், 7 × 6.31 = 44 வாட். வயரின் மின்திறனைக் காண 220 வோல்ட்டை எடுத்துக்கொள்வது பெரும்பிழை. வயர் தன் மேல் இழந்த 7 வோல்ட்டே அதனுடையது. வயரின் வோல்ட்டைத் தனியே அளப்பது கடினம் என்பதால், இங்கே மின்னோட்டத்தைத் தன்னால் பெருக்கி மின்தடையால் பெருக்கும் வடிவம் கைகொடுக்கும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் மின்தடை 20 டிகிரி வெப்பநிலையில் ஒரு கிலோமீட்டருக்கு அதிகபட்சம் 18.1 ஓம் என்று வகுக்கப்பட்டிருக்கிறது, 2.5 சதுர மில்லிமீட்டருக்கு 7.41 ஓம். 20 மீட்டர் தொலைவுக்குப் போக, வர 40 மீட்டர் என்று மறவாமல் இரட்டிப்பாக்கினால், முதலாவதில் 0.72 ஓம், இரண்டாவதில் 0.30 ஓம். 6.31 ஆம்பியர் பாயும்போது அவை முறையே 29 வாட்டும் 12 வாட்டும் வெப்பமாக்கும்.

இந்த வெப்பம் 40 மீட்டர் முழுவதும் பரவியிருப்பதால் கையில் படாது. ஆனால் தளர்ந்த பிளக் ஊசியிலோ, இறுக்காத திருகிலோ அரை ஓம் உருவானால் நிலைமை வேறு. 6.31 × 6.31 × 0.5 = 20 வாட். ஈயப்பற்று உருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவு வெப்பமும் ஊசி முனை அளவு இடத்தில், பிளாஸ்டிக்குக்கு நடுவே உண்டாகிறது. இழக்கப்படும் மின்னழுத்தம் 3 வோல்ட்தான் என்பதால் ஹீட்டர் வழக்கம்போலவே ஓடும், மின்னோட்டம் மிகும்போது தானே அணையும் சுவிட்சான எம்.சி.பி.யும் விழாது. பிளக் கருகுவதும் மணம் வருவதும்தான் அறிகுறி. 1,500 வாட் ஹீட்டரை 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகாமல், பருத்த ஊசிகள் கொண்ட 16 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் செருக வேண்டும் என்று வற்புறுத்துவதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது: ஆம்பியர் இரட்டித்தால் இணைப்பின் சூடு நான்கு மடங்காகும்.

பெருக்கினால் பொய் சொல்லும் இடம்

சோக் வைத்த பழைய 40 வாட் டியூப்லைட் ஏறக்குறைய 0.43 ஆம்பியர் எடுக்கும். 230 × 0.43 = 99. சோக்கில் வீணாகும் 10 முதல் 15 வாட்டைச் சேர்த்தாலும் 55 வாட்டைத் தாண்டாத விளக்கு 99 வாட் எப்படி வாங்கும்? வாங்குவதில்லை. மாறுதிசை மின்சாரத்தில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகின்றன. ஹீட்டரில் இரண்டும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்குவதால் பெருக்கல் சரியாக வருகிறது. சோக்கின் கம்பிச்சுருளிலோ மின்னோட்டம் பின்தங்கி வருகிறது. மின்னழுத்தம் உச்சியில் இருக்கும்போது மின்னோட்டம் உச்சிக்கு வந்து சேர்ந்திருக்காது. மீட்டர் காட்டிய 230 வோல்ட்டும் 0.43 ஆம்பியரும் அதே பொருளுக்கு உரியவை. ஆனால் கணத்துக்குக் கணம் பார்த்தால் அதே நேரத்துக்கு உரியவை அல்ல. 99 என்ற எண்ணை வோல்ட் ஆம்பியர் என்று மட்டுமே சொல்ல வேண்டும். அதில் உண்மையான வாட் எந்தப் பங்கு என்பதே திறன் காரணி, இந்த விளக்குக்கு ஏறத்தாழ பாதி. 230 ஐ 0.43 ஆல் வகுத்துக் கிடைக்கும் 535 ஓமும் மின்தடை ஆகாது; அது மின்தடையும், மாறிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்துக்குச் சுருள் காட்டும் எதிர்ப்பான மின்மறுப்பும் கலந்த மின்னெதிர்ப்பு. மோட்டார், மிக்ஸி, சோக் போன்று கம்பிச்சுருள் உள்ள எதற்கும், வெறும் வோல்ட், ஆம்பியரிலிருந்து வாட்டைக் கணக்கிட வேண்டாம்.

இதையும் வாசல் மீட்டரிலேயே சோதிக்கலாம். அது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஒவ்வொரு கணத்திலும் சேர்த்தே பெருக்கிக் கூட்டிக்கொண்டு போவதால், உண்மையான வாட்டை மட்டுமே எண்ணுகிறது. இரவில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்த டியூப்லைட்டை மட்டும் எரியவிடுங்கள். 99 வாட் என்றால் 3200 துடிப்பு மீட்டரின் சிவப்பு விளக்கு 11 நொடிக்கு ஒரு முறை சிமிட்ட வேண்டும். நீங்களோ ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையே 21, 22 நொடி காத்திருப்பீர்கள்.